பாதியில் நின்று தொடரும் ஃபங்ஷன்கள்: சி மொழியில் எங்கும் ஓடும் கோரூட்டின்

கொடைக்கானலின் மேல்மலைக் கிராமங்களில் கூக்காலும் ஒன்று. படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் என்று மாற்றி மாற்றிப் பயிர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இத்தகைய வயல்களில்தான் விளைகிறது. மார்கழி, தை மாதங்களில் மேல்மலையில் உறைபனி விழும். ஒரே இரவில் உருளைச் செடியைக் கருக்கிவிடக்கூடிய பனி அது.

அப்படி ஒரு வயலின் வரப்பில், பேட்டரியில் ஓடும் சிறு பெட்டி ஒன்று வைக்கப்படுவதாக இந்த அத்தியாயத்துக்காகக் கற்பனை செய்துகொள்ளலாம். அதற்கு மூன்று வேலைகள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மண்ணின் ஈரத்தை அளக்க வேண்டும். இரவில் வெப்பநிலையை அடிக்கடி பார்த்து, பூஜ்யத்தை நெருங்கினால் எச்சரிக்க வேண்டும். அளந்ததை ரேடியோவில் ஊருக்குள் இருக்கும் மையப் பெட்டிக்கு அனுப்பி, ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குக் காத்திருந்து, வராவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டும். பெட்டிதான் கற்பனை, இத்தகைய ஏற்பாடு கற்பனையல்ல. பக்கத்து மலையான மூணாற்றின் அந்தோனியார் காலனியில் நிலச்சரிவை முன்கூட்டி அறிய அம்ருதா பல்கலைக்கழகம் கம்பியில்லா உணரிகளின் வலைப்பின்னல் ஒன்றையே நிறுவியிருக்கிறது.

மூன்று வேலையிலும் பெரும்பகுதி காத்திருப்புதான். உணரி சூடாகும்வரை காத்திருப்பு, ரேடியோ பதில் வரும்வரை காத்திருப்பு, அடுத்த பத்தாவது நிமிடம் வரும்வரை காத்திருப்பு. ஒன்றுக்காக லூப் போட்டு நின்றால் மற்ற இரண்டும் நின்றுபோகும். மூன்றுக்கும் தனித்தனி த்ரெட் கொடுக்கலாம் என்றால், ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி போன்ற சிப்பில் மொத்த ரேமே 2,048 பைட்தான். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி ஸ்டாக் ஒதுக்கினால் அளந்த தகவலை வைக்க இடமிருக்காது. மிச்சமிருப்பது, வேலையைத் துண்டு துண்டாக வெட்டி ஸ்டேட் மெஷினாக எழுதுவது. அது ஓடும். ஆனால் ‘அனுப்பு, காத்திரு, வராவிட்டால் மறுபடி அனுப்பு’ என்று மூன்றே வரியில் சொல்லக்கூடியது பதினைந்து கேஸ்களாகச் சிதறிக் கிடக்கும். ஆறு மாதம் கழித்து அதைத் திறந்து பார்ப்பவருக்கு எது எதற்குப் பின் நடக்கிறது என்பது பிடிபடாது.

கோரூட்டின் தீர்ப்பது இந்தச் சிக்கலைத்தான். சாதாரண ஃபங்ஷன் அழைத்தால் முதல் வரியில் தொடங்கும். திரும்பினால் அதன் கதை முடிந்தது. கோரூட்டின் நடுவில் நின்று கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்கும். மறுபடி அழைத்தால் நின்ற இடத்திலிருந்தே தொடரும். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும் ஊரில், தன் வயல் நனைந்தவர் தாமே மடையை அடைத்து அடுத்தவருக்குத் திறந்துவிடுவார். இங்கும் அப்படித்தான்: மேலிருந்து பறித்துக் கொடுக்கும் அதிகாரி யாரும் இல்லை. ஒருவர் மடையை அடைக்க மறந்தால் மற்றவர் வயல் காயும் என்ற ஆபத்தும் சேர்ந்தே வரும்.

எண்ணம் பழையது. மெல்வின் கான்வே 1958இலேயே இந்தப் பெயரை வைத்தார். 1963இல் கோபால் மொழிக்கான கம்பைலர் ஒன்றைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் இதை விரிவாக விளக்கினார். எழுத்துகளைச் சொற்களாகச் சேர்க்கும் பகுதியும், சொற்களை வாக்கியமாகப் பகுக்கும் பகுதியும் ஒன்றையொன்று மாறி மாறி அழைத்துக்கொள்ள, மூல நிரலை ஒரே ஓட்டத்தில் படித்துவிட முடிந்தது. 1968இல் வந்த டொனால்ட் க்னூத்தின் நிரலாக்க நூலின் முதல் தொகுதியிலும் இதற்குத் தனிப் பகுதி உண்டு. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த சி மொழி இதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சியில் கோரூட்டின் வேண்டுமென்றால் கட்டித்தான் ஆக வேண்டும்.

கட்டத் தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பலர் அதைக் கேட்காமலே இணையத்தில் முதலில் அகப்படும் நூலகத்தை இறக்கிக்கொள்கிறார்கள். கேள்வி இதுதான்: நடுவில் நிற்க வேண்டிய இடம் எப்போதும் மேல்மட்ட ஃபங்ஷனுக்குள்ளேயே இருக்குமா? இல்லை, அது அழைத்த ஃபங்ஷன் அழைத்த இன்னொரு ஃபங்ஷனுக்குள் ஆழத்திலும் நிற்க வேண்டியிருக்குமா? முதலாவது என்றால் தனி ஸ்டாக்கே தேவையில்லை. இரண்டாவது என்றால் தனி ஸ்டாக் இல்லாமல் முடியாது. வயல் பெட்டிக்கு முதல் வகை போதும். மையப் பெட்டிக்கு இரண்டாவது வேண்டும்.

ஸ்டாக் இல்லாத வகை

1983இல் லூகாஸ்ஃபில்மில் வேலை பார்த்த டாம் டஃப், தகவலை வேகமாக நகலெடுக்க ஒரு விசித்திரமான வடிவத்தைக் கண்டுபிடித்தார். ஸ்விட்ச்சின் கேஸ் லேபிள்களை ஒரு லூப்பின் வயிற்றுக்குள் போட்டார். சியின் இலக்கணம் அதைத் தடுக்கவில்லை. லூப்பின் நடுவிலேயே போய்க் குதிக்க முடிந்தது. ஸ்விட்ச்சை வைத்து ஸ்டேட் மெஷின் எழுதும் இதைவிட அருவருப்பான வழி ஒன்றும் தன்னிடம் இருப்பதாக அப்போதே அவர் குறிப்பிட்டு, அதை விவரிக்காமல் விட்டுவிட்டார். புட்டி மென்பொருளை எழுதிய சைமன் டாத்தம் 2000இல் அந்த வழியை ஒழுங்கான மேக்ரோக்களாக எழுதிக் காட்டினார். புட்டியின் எஸ்எஸ்எச் பகுதியே அந்த மேக்ரோக்களில் ஓடியது. பிறகு சுவீடனில் ஆடம் டங்கல்ஸும் கூட்டாளிகளும் அதையே ‘புரோட்டோத்ரெட்’ என்ற பெயரில் உணரிச் சிப்புகளுக்கு எடுத்துப்போனார்கள். 2006இல் வந்த அவர்கள் கட்டுரையின்படி, ஒரு புரோட்டோத்ரெட்டுக்குக் கூடுதலாகச் செலவாகும் ரேம் இரண்டே பைட்.

சாரம் இவ்வளவுதான். சியின் சொற்களைத் தமிழில் எழுதிப் பார்த்தால்:

ஸ்விட்ச் (த->நிலை) {
கேஸ் 0:
  த->முயற்சி = 0;
  செய் {
    ரேடியோவில்_அனுப்பு(த->அளவு);
    த->நிலை = 42; கேஸ் 42:
    இல்லையெனில் (பதில்_வந்தது அல்லது நேரம்_முடிந்தது) ரிட்டர்ன் காத்திருக்கிறது;
  } வரை (பதில்_வரவில்லை மற்றும் ++த->முயற்சி < 5);
}
த->நிலை = 0; ரிட்டர்ன் முடிந்தது;

நடுவில் இருக்கும் 42 என்பது அந்த வரியின் எண். சியில் நடப்பு வரி எண்ணைத் தரும் மேக்ரோ முன்பே இருப்பதால், ‘நிலையைக் குறி, கேஸ் போடு, நிபந்தனை நிறைவேறாவிட்டால் திரும்பு’ ஆகிய மூன்றையும் ‘காத்திரு’ என்ற ஒரே மேக்ரோவாக்கி மறைத்துவிடலாம். படிப்பவர் கண்ணுக்கு ‘அனுப்பு, காத்திரு’ மட்டும் தெரியும். அசெம்பிளி இல்லை, ஆப்பரேட்டிங் சிஸ்டம் தேவையில்லை, கம்பைலரின் தனிச்சலுகை எதுவும் வேண்டாம். 1989இன் சி தரத்துக்கு உட்பட்ட எந்தக் கம்பைலரிலும் ஓடும்.

பொறிகள் நான்கு உண்டு. நான்கும் அடிக்கடி கடிப்பவை. முதலாவது, உள்ளூர் மாறிகள் ரிட்டர்ன் ஆனதும் போய்விடும். காத்திருப்பைத் தாண்டி உயிரோடு இருக்க வேண்டியதெல்லாம் ‘த’ என்ற ஸ்ட்ரக்ட்டுக்குள் போக வேண்டும். ஸ்டாட்டிக் என்று போட்டுத் தப்பிக்கலாமே என்று தோன்றும். ஆனால் இன்னொரு உணரிக்காக அதே ஃபங்ஷனை மறுபடி ஓடவிடும் நாளில் இரண்டின் மதிப்பும் கலந்துபோகும். இரண்டாவது, கோரூட்டினுக்குள் சொந்தமாக ஒரு ஸ்விட்ச் எழுதி அதற்குள் ‘காத்திரு’ வைத்தால், அந்தக் கேஸ் உள் ஸ்விட்ச்சோடு ஒட்டிக்கொள்ளும். கம்பைலர் ஒரு எச்சரிக்கையும் தராது. மூன்றாவது, ஒரே வரியில் இரண்டு ‘காத்திரு’ வரக்கூடாது. வரி எண் ஒன்றாகிவிடும். நல்லவேளையாக இது கம்பைல் ஆகும்போதே பிழையாக வெளிப்படும்.

நான்காவது விஷுவல் ஸ்டுடியோவுக்கே உரியது. ஓடும்போதே நிரலைத் திருத்தும் வசதியை இயக்கினால், அங்கே வரி எண் மேக்ரோ நிலையான எண்ணாக இருப்பதில்லை. கேஸ் லேபிளாக ஏற்க மறுத்துவிடும். அந்த வசதியை அணைக்க வேண்டும், அல்லது வரி எண்ணுக்குப் பதில் அந்தக் கம்பைலர் தரும் எண்ணி மேக்ரோவைப் பயன்படுத்த வேண்டும்.

ஜிசிசி கம்பைலரில் லேபிளின் முகவரியையே மாறியில் வைத்து அங்கே தாவ முடியும். அப்படிச் செய்தால் ஸ்விட்ச் சண்டை தீரும்; ஆனால் அது சி தரத்தில் இல்லாத நீட்டிப்பு. புரோட்டோத்ரெட் இரண்டு வடிவங்களையும் தந்து தேர்வை நிரலரிடம் விட்டது. சிறு சிப்புகளுக்கான ஆப்பரேட்டிங் சிஸ்டமான ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸும் இதே ஸ்விட்ச் பாணியில் கோரூட்டின் தந்தது. சிப்புகளில் ரேம் பெருகப் பெருக அதைத் தேடுவார் இல்லாமல் போயிற்று.

ஆழத்தில் நிற்க வேண்டியவை

ஊருக்குள் இருக்கும் மையப் பெட்டி இன்னொரு சாதி. பல வயல் பெட்டிகளிலிருந்து வரும் பொட்டலங்களைப் பிரித்து, அடுக்கடுக்கான செய்தி வடிவத்தை ரிகர்சிவாகப் படித்து, ஃபைலில் எழுதி, சிக்னல் கிடைக்கும்போது வெளியே அனுப்பும். படிக்கும் ஃபங்ஷன் தன்னைத் தானே நான்கு மட்டம் அழைத்திருக்கும் நிலையில் அடுத்த பைட் வரவில்லை என்றால் அங்கேயே நிற்க வேண்டும். இந்த இடத்தில் ஸ்விட்ச் தந்திரம் கைகொடுக்காது. நான்கு மட்டங்களையும் மேக்ரோவாக மாற்றினால் நிரலைப் படிக்க ஆளிருக்காது. ஒவ்வொரு கோரூட்டினுக்கும் தனி ஸ்டாக் ஒதுக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும்.

பெரும்பாலானோர் முதலில் போய் நிற்பது செட்ஜம்ப், லாங்ஜம்ப் என்ற ஜோடியிடம். சி தரத்திலேயே இருப்பதால் எங்கும் ஓடும் என்ற நம்பிக்கை. தரம் சொல்வதோ வேறு: செட்ஜம்ப்பை அழைத்த ஃபங்ஷன் திரும்பிய பிறகு அங்கே தாவினால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஏற்கெனவே உயிரோடு இருக்கும் இரண்டு ஸ்டாக்குகளுக்கிடையே தாவுவது நடைமுறையில் பெரும்பாலும் ஓடும். புதிய ஸ்டாக்கை உருவாக்கும் வழிதான் அந்த ஜோடியில் இல்லை. சிலர் அதன் பஃபருக்குள் கைவிட்டு ஸ்டாக் பாயின்டரை மாற்றி எழுதினார்கள். லினக்ஸின் ஜிலிப்சி பாதுகாப்புக்காக அந்தப் பாயின்டர்களை ரகசிய எண்ணோடு கலந்து வைக்கத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. பாதுகாப்புச் சோதனைகளோடு கம்பைல் செய்தால், ஸ்டாக்கின் தவறான திசையில் லாங்ஜம்ப் போவதாகத் தோன்றும் நிரலை ஜிலிப்சி நிறுத்தியும் விடும்.

யூனிக்ஸ் உலகம் இதற்கென்றே மேக்கான்டெக்ஸ்ட், ஸ்வாப்கான்டெக்ஸ்ட் என்ற ஃபங்ஷன்களைத் தந்தது. 2001இன் பாசிக்ஸ் தரத்தில் இருந்தவை. 2008இன் தரம் எடுத்துவிட்டது. பயன்படுத்துவதில் ஒரு தொல்லையும் உண்டு. மேக்கான்டெக்ஸ்ட் புதிய ஃபங்ஷனுக்கு இன்ட் வகை மதிப்புகளை மட்டுமே கொடுக்கும். 64 பிட் பாயின்டர் 32 பிட் இன்டில் அடங்காது. பாயின்டரை இரண்டாக வெட்டி அனுப்பி மறுபுறம் ஒட்ட வேண்டியிருக்கிறது. ஆல்பைன் லினக்ஸ் நம்பியிருக்கும் மஸ்ல் நூலகத்தில் இந்த ஃபங்ஷன்கள் இல்லவே இல்லை. இருக்கும் இடத்திலும் வேகம் குறைவு: ஜிலிப்சியில் ஒவ்வொரு மாற்றமும் சிக்னல் மாஸ்க்கைக் காப்பாற்ற கர்னலைக் கூப்பிடும்.

2000இல் ரால்ஃப் எங்கெல்ஷால் இன்னொரு வழி சொன்னார். சிக்னலுக்கென்று மாற்று ஸ்டாக் வைத்துக்கொள்ளும் யூனிக்ஸ் வசதியைப் பயன்படுத்தி, தனக்குத் தானே ஒரு சிக்னல் அனுப்பி, அது புதிய ஸ்டாக்கில் ஓடும்போது செட்ஜம்ப் எடுத்துவிடுவது. அவருடைய குனூ பித் நூலகம் இதை வைத்துப் பல யூனிக்ஸ்களில் ஓடியது. புத்திசாலித்தனம்தான்; அதை ஆறு மாதம் கழித்துப் பிழைதிருத்த நேர்பவரின் பாட்டை மட்டும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒருசேரப் பார்க்க விரும்புபவருக்குக் குவெமு எமுலேட்டரின் மூல நிரல் நல்ல பாடசாலை. அதன் கோரூட்டின் இடைமுகம் ஒன்றே. பின்னால் மேக்கான்டெக்ஸ்ட் வழி, சிக்னல் ஸ்டாக் வழி, விண்டோஸ் ஃபைபர் வழி என்று தனித்தனிக் கோப்புகள். மேக்கான்டெக்ஸ்ட்டை முதல் முறை ஸ்டாக்கை உருவாக்க மட்டும் அழைத்துவிட்டு, அதன்பின் மாறுவதற்கெல்லாம் செட்ஜம்ப் வகையைப் பயன்படுத்தி, கர்னலைக் கூப்பிடும் செலவைத் தவிர்த்திருக்கிறார்கள்.

அசெம்பிளியே அதிகம் பயணப்படும்

கேட்க விசித்திரமாக இருக்கும். ‘தூய சி’ என்ற பெயரில் செய்யும் தந்திரங்களைவிட, ஒவ்வொரு பிராசஸருக்கும் முப்பது சொச்சம் வரி அசெம்பிளி எழுதுவதுதான் அதிக இடங்களில், அதிக ஆண்டுகள் ஓடும். தந்திரங்கள் சாய்ந்திருப்பது நூலகத்தை எழுதியவர் வாய்திறந்து வாக்களிக்காத நடத்தைகளில். அடுத்த பதிப்பில் அவை மாறினால் கேட்க நாதியில்லை. ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது எந்த ரெஜிஸ்டர் யார் பொறுப்பு என்பது மட்டும் ஏபிஐ (அப்ளிகேஷன் பைனரி இன்டர்ஃபேஸ்) ஆவணத்தில் அச்சிட்டு வைக்கப்பட்ட ஒப்பந்தம். அதை மாற்றினால் அந்த மேடையில் கம்பைலான எல்லா நிரல்களும் உடையும் என்பதால் யாரும் தொட மாட்டார்கள்.

அந்த ஒப்பந்தமே வேலையையும் குறைக்கிறது. ‘மாறு’ என்பது கம்பைலர் கண்ணுக்கு ஒரு சாதாரண ஃபங்ஷன் அழைப்பு. அழைப்பவர் காப்பாற்ற வேண்டிய ரெஜிஸ்டர்களை அழைப்புக்கு முன்பே கம்பைலர் காப்பாற்றிவிடும். அழைக்கப்படும் ஃபங்ஷன் பொறுப்பில் உள்ளவற்றை மட்டும் நாம் காப்பாற்றினால் போதும்.

எழுதிப் பார்க்க ஏற்ற மேடை சென்னையிலேயே பிறந்திருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் வி. காமகோடியின் குழு 2014இல் தொடங்கிய ‘சக்தி’ பிராசஸர்கள் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுபவை. 2018இல் அதன் ஒரு சிப் இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையிலும், இன்னொன்று சண்டிகரை அடுத்துள்ள அரசுக் குறைக்கடத்தி ஆலையில் 180 நானோமீட்டரிலும் உருவானது. சிப் கையில் இல்லாதவர்கள் ஆர்ட்டி ஏ7 எஃப்பிஜிஏ பலகையில் அதை ஏற்றிப் பார்க்கலாம்: சிறிய 35டி பலகைக்கு 32 பிட் ‘பினாகா’, பெரிய 100டி பலகைக்கு 64 பிட் ‘வஜ்ரா’.

ரிஸ்க்-ஃபைவில் காப்பாற்ற வேண்டியவை: திரும்பும் முகவரியான ஆர்ஏ, எஸ்0 முதல் எஸ்11 வரை பன்னிரண்டு, கூடவே ஸ்டாக் பாயின்டர். முதல் பதின்மூன்றையும் நடப்பு ஸ்டாக்கிலேயே தள்ளிவிட்டு, ஸ்டாக் பாயின்டரை மட்டும் பழைய கோரூட்டினின் ஸ்ட்ரக்ட்டில் எழுத வேண்டும். புதியதன் ஸ்ட்ரக்ட்டிலிருந்து ஸ்டாக் பாயின்டரை எடுத்து, அங்கிருக்கும் பதின்மூன்றை மீட்டு, ‘திரும்பு’ என்ற கட்டளை கொடுத்தால் முடிந்தது; அது திரும்புவது புதிய கோரூட்டின் நின்ற இடத்துக்கு. ஸ்டாக் எப்போதும் 16 பைட் எல்லையில் நிற்க வேண்டும். எனவே 32 பிட்டில் 52 பைட் தேவைக்கு 64 ஒதுக்க வேண்டும்; 64 பிட்டில் 104க்கு 112. வஜ்ராவில் ஃப்ளோட்டிங் பாயின்ட் ஏபிஐயோடு கம்பைல் செய்தால் எஃப்எஸ்0 முதல் எஃப்எஸ்11 வரை இன்னும் பன்னிரண்டு சேர்ந்து 208 பைட் ஆகும். எந்த ஏபிஐ என்பதைக் கம்பைலரே ஒரு மேக்ரோவில் சொல்லும். கையால் முடிவுசெய்யக் கூடாது. ஜிபி, டிபி என்ற இரண்டு ரெஜிஸ்டர்களைத் தொடவே வேண்டாம்.

புதிய கோரூட்டினுக்கு ‘நின்ற இடம்’ என்று ஒன்று இன்னும் இல்லை. அதைப் போலியாகத் தயாரிக்க வேண்டும். ஒதுக்கிய ஸ்டாக்கின் உச்சியில், எல்லையைச் சரிசெய்து, அதே வடிவில் ஒரு சட்டம் (ஃப்ரேம்) எழுதப்படும். எஸ்0 இடத்தில் ஓட வேண்டிய ஃபங்ஷனின் முகவரி. எஸ்1 இடத்தில் அதற்கான வாதம். ஆர்ஏ இடத்தில் ‘டிராம்போலின்’ எனப்படும் சிறு அசெம்பிளித் துண்டின் முகவரி. முதல் மாற்றத்தில் கட்டுப்பாடு டிராம்போலினுக்குப் போகும். அது எஸ்1ஐ முதல் வாதத்துக்கான ஏ0வில் போட்டு, எஸ்0வில் உள்ள முகவரியை அழைக்கும். அந்த ஃபங்ஷன் முடிந்து திரும்பினால் திரும்பிப் போக இடமில்லை என்பதால், ‘முடிந்தது’ என்று குறித்து அழைத்தவருக்கே மாறிவிட வேண்டும். அதையும் தாண்டினால் நிரலை நிறுத்தும் கட்டளை. புதியவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வரியைத்தான்.

மற்ற பிராசஸர்களிலும் கதை இதுவே, பெயர்கள்தான் வேறு. 64 பிட் ஆர்மில் எக்ஸ்19 முதல் எக்ஸ்30 வரையும் டி8 முதல் டி15 வரையும். மொத்தம் 160 பைட். லினக்ஸ் ஓடும் 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை ஆறே ரெஜிஸ்டர்கள், கூடவே ஃப்ளோட்டிங் பாயின்ட் கட்டுப்பாட்டுச் சொற்கள். அங்கே ஒரு வம்பு உண்டு: திரும்பும் முகவரி ஸ்டாக்கில் இருப்பதால், ஃபங்ஷனுக்குள் நுழையும் கணத்தில் ஸ்டாக் 16இன் மடங்கிலிருந்து 8 பைட் விலகி நிற்க வேண்டும். பிசகினால் சாதாரண வேலைகள் எல்லாம் ஓடும். தசம எண்ணைப் பிரின்ட்எஃப் செய்யும்போது திடீரென்று விழும். விழுந்த இடத்துக்கும் பிழைக்கும் சம்பந்தமே தெரியாது. விண்டோஸில் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, எக்ஸ்எம்எம்6 முதல் 15 வரை என்று பட்டியல் நீளும். ஸ்டாக்கின் எல்லைகளைத் த்ரெட்டின் உள்தகவலிலும் மாற்றியாக வேண்டும். அந்த மேடையில் மட்டும் மைக்ரோசாஃப்ட் தரும் ஃபைபர் ஃபங்ஷன்களை அழைத்துவிட்டுப் போவதே மேல்.

இந்தத் துண்டுகளைச் சி நிரலுக்குள் இன்லைன் அசெம்பிளியாக எழுதும் ஆசையை அடக்க வேண்டும். கம்பைலர் தன் பங்குக்கு முன்னும் பின்னும் வரிகள் சேர்க்கும். உகப்பாக்க நிலை மாறினால் அவையும் மாறும். தனி அசெம்பிளிக் கோப்பு, பிராசஸருக்கு ஒன்று. மேலே இருக்கும் சி கோப்புக்குத் தெரிய வேண்டியவை இரண்டே: சட்டத்தைத் தயாரிக்கும் ஃபங்ஷன், மாறும் ஃபங்ஷன். ‘தொடர்’, ‘விட்டுக்கொடு’ ஆகியவை அவற்றின் மேல் சுத்தமான சியில் எழுதப்படும்.

எல்லாம் கையால் எழுத வேண்டுமா? கட்டாயமில்லை. எடுவார்டோ பார்ட்டின் மினிகோரோ ஒரே ஹெடர் கோப்பில் இவற்றையெல்லாம் தருகிறது. சி++ காரர்களுக்கு பூஸ்ட் கான்டெக்ஸ்ட் இருக்கிறது. ஆனால் அவை ஆதரிக்காத சிப் கையில் வரும்போதும், நள்ளிரவில் ஸ்டாக் சிதைந்து கிடக்கும்போதும், உள்ளே நடப்பதைத் தெரிந்தவருக்கே வழி தெரியும்.

ஸ்டாக் எவ்வளவு?

லினக்ஸில் இந்தக் கேள்வி எளிது. எம்மேப் மூலம் 64 கிலோபைட் கேட்டால், தொட்ட பக்கங்களுக்கு மட்டுமே உண்மையான நினைவகம் செலவாகும். அடியில் ஒரு பக்கத்தைப் படிக்கவும் எழுதவும் முடியாததாகப் பூட்டிவைத்தால், ஸ்டாக் வழிந்ததும் நிரல் அதே இடத்தில் விழும். பக்கத்து கோரூட்டினின் தகவலைக் கெடுத்துவிட்டு எங்கோ போய் விழாது. பக்க அளவு 4 கிலோபைட் என்று எழுதிவைக்கக் கூடாது, சிஸ்டத்திடம் கேட்க வேண்டும். ஆப்பிளின் புதிய சிப்புகளில் அது 16 கிலோபைட்.

மைக்ரோகன்ட்ரோலரில் அத்தகைய பூட்டு பெரும்பாலும் கிடையாது. அங்கே பழைய கைமருந்து: தொடக்கத்தில் ஸ்டாக் முழுவதையும் ஒரே பைட்டால் நிரப்பிவைப்பது. ஃப்ரீஆர்டிஓஎஸ் இதற்கு 165ஐப் பயன்படுத்துகிறது. சில நாள் ஓடவிட்டு, அடியிலிருந்து எத்தனை 165 அழியாமல் இருக்கிறது என்று எண்ணினால் அதிகபட்சம் எவ்வளவு செலவாயிற்று என்பது தெரியும். உறைபனி எச்சரிக்கைபோல் அபூர்வமாக ஓடும் பாதையையும் வேண்டுமென்றே ஓடவிட்ட பிறகே எண்ண வேண்டும். ஆழமான ஸ்டாக் பெரும்பாலும் அங்கேதான் செலவாகும். பிரின்ட்எஃப் குடும்பத்தைக் கோரூட்டினுக்குள் அழைக்காமல் இருப்பதே பாதிச் சிக்கனம்.

கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. ஒரு த்ரெட்டில் நின்ற கோரூட்டினை இன்னொரு த்ரெட்டில் தொடரவிட்டால், த்ரெட்டுக்கே உரிய மாறியின் முகவரியைக் கம்பைலர் முன்பே எடுத்துவைத்திருக்கலாம். பழைய த்ரெட்டின் மாறியில் போய் எழுதும். பிறந்த த்ரெட்டிலேயே ஓடவிடுவது உத்தமம். சி++ எக்ஸெப்ஷன் கோரூட்டினின் எல்லையைத் தாண்டி வெளியே போகக் கூடாது. டிராம்போலினுக்கு முன்பே பிடித்துவிட வேண்டும். புதிய இன்டெல் சிப்புகளில் திரும்பும் முகவரிகளுக்கென்று நிழல் ஸ்டாக் ஒன்றை இயக்கியிருந்தால், நாம் ஸ்டாக்கை மாற்றுவதைத் தாக்குதல் என்று எண்ணி நிரலை நிறுத்திவிடும். அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்டும் அட்ரஸ் சானிடைசரும் இதேபோல் குழம்பும், ஆனால் புதிய ஸ்டாக் வந்ததை அவற்றிடம் சொல்ல வழி வைத்திருக்கிறார்கள்.

வெப்அசெம்பிளியில் மேலே சொன்ன அசெம்பிளி வழி செல்லாது. அங்கே அழைப்பு ஸ்டாக் நிரலின் கைக்கு எட்டாது. ஸ்விட்ச் வகை அங்கும் மாற்றமின்றி ஓடும். வயல் பெட்டியின் நிரலை உலாவியில் ஓட்டிக் காட்ட விரும்புபவருக்கு அது ஒரு உபரி லாபம்.

சோதனைக்குப் பலகை வாங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குவெமுவின் பயனர் நிலை எமுலேட்டர் லினக்ஸ் மடிக்கணினியிலேயே ரிஸ்க்-ஃபைவ், ஆர்ம் நிரல்களை ஓட்டும். முதல் சோதனை, இரண்டு கோரூட்டின்கள் பத்து லட்சம் முறை மாறி மாறி ஓடி, ஒவ்வொன்றும் தன் கூட்டுத்தொகையைத் தசம எண்ணில் வைத்திருப்பது; ரெஜிஸ்டர் ஒன்று விடுபட்டிருந்தால் பெரும்பாலும் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, ஒவ்வொரு ரெஜிஸ்டரிலும் தெரிந்த எண்ணை அசெம்பிளியால் எழுதி, மாறி வந்தபின் சரிபார்ப்பது. மூன்றாவது, பழைய பாடநூல் கணக்கு: இரண்டு மரங்களின் இலைகள் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று ரிகர்சிவான நடையில் ஒப்பிடுவது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கோரூட்டின். ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆழத்தில் நின்று இலையைத் தரும். மூன்றையும் உகப்பாக்கம் இல்லாமல் ஒருமுறை, முழு உகப்பாக்கத்தோடு ஒருமுறை ஓட்ட வேண்டும். முதலில் தேறி இரண்டாவதில் விழுந்தால் குற்றவாளி பெரும்பாலும் காப்பாற்றத் தவறிய எஸ் வரிசை ரெஜிஸ்டர்தான். இவை தேறிய பிறகே வஜ்ரா பலகையில் ஏற்றலாம். அங்கே எமுலேட்டரில் வராத ஒன்று வரும்: பூட் நிரல் ஃப்ளோட்டிங் பாயின்ட் அலகை இயக்காமல் விட்டிருந்தால், எஃப்எஸ்0வைக் காப்பாற்றும் முதல் கட்டளையிலேயே பலகை டிராப்பில் போய் நிற்கும்.